படமும் உடலும்: கேமரன் மலை ஈக்களின் இன நிர்ணயம் பற்றிய ஒரு விசாரணை

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், 1929இல் தொடங்கப்பெற்ற போ நிறுவனத்தின் தேயிலைச் சரிவுகளும், அவற்றினூடே இறங்கும் ஓடைகளும், அடுத்துள்ள காய்கறித் தோட்டங்களும், பிரிஞ்சாங் சிகரத்தை மூடிய பாசி வனமும் நெருங்கி அமைந்திருப்பதால், சிறிது தூரம் நடப்பதற்குள்ளாகவே வெவ்வேறு வாழ்க்கை முறையுடைய ஈக்களைக் காணலாம். கைத்தொலைபேசியிலேயே நுட்பமான படம் எடுக்க முடிகிற இக்காலத்தில், படத்தைக் கொண்டே இனப்பெயர் கூறிவிடலாம் என்ற அபிப்பிராயம் வலுத்து வருகிறது. அது எந்த எல்லைவரை செல்லும் என்பதே இங்கு விசாரணைக்குரிய விஷயம்.

படத்தின் சக்தியைக் குறைத்து மதிப்பிடலாகாது. பூவின்மேல் அந்தரத்தில் நிற்கும் மஞ்சள் வரியிட்ட பூச்சி குளவியன்று, ஈயே என்பதை, ஒரே ஜோடிச் சிறகும் குட்டையான உணர்கொம்புகளும் தெளிவாக விழுந்த படமே நிரூபித்துவிடும். மாட்டு ஈக்கள் பலவற்றின் கண்களில், உயிரோடிருக்கையில் ஒளிரும் வண்ணப் பட்டைகள், ஊசியில் குத்தி உலர்த்தியபின் மங்கிவிடுகின்றன. அந்த லட்சணத்துக்குப் பிரத்தியட்ச சாட்சி படமேயன்றிப் பெட்டியிலுள்ள உடல் அன்று.

ஆயினும், தேயிலைக்கு அயலிலுள்ள காய்கறிப் பாத்திகளில் இலையைக் குடைந்து வெண்கோடிடும் லிரியோமைசா ஈக்களிடம் வந்தவுடன் படம் தயங்கி நிற்கிறது. ஹுயிடோபிரென்சிஸ், சட்டைவே, டிரைஃபோலி என்னும் இனங்கள் இரண்டு மில்லிமீட்டர் அளவில் மஞ்சளும் கறுப்புமாய் ஒன்றையொன்று ஒத்திருப்பவை. நிறத்தின் கருமை அனுமானத்துக்கு உதவுமேயொழிய நிர்ணயத்துக்குப் போதாது. ஆண் ஈயின் வயிற்று நுனியைக் காரத்தில் தெளியவைத்து, உள்ளிருக்கும் இனப்பெருக்க உறுப்பை நுண்நோக்கியில் பார்த்தாலன்றி, உருவத்தைக் கொண்டு முடிவு கூற இயலாது.

உடல் கிடைத்துவிட்டால் மட்டும் சந்தேகம் தீர்ந்துவிடுமா என்றால், அதுவுமில்லை. ஓடைகளில் வளரும் சிமூலியம் என்னும் கருப்பு ஈக்களில், பல இனங்களின் பெண் ஈக்கள் பெரிதும் ஒத்திருக்க, கூட்டுப்புழுவின் சுவாச இழைகளோ எண்ணிக்கையிலும் கிளைக்கும் முறையிலும் வேறுபடுகின்றன. 1995இல் தக்காவோக்காவும் டேவிஸும் வெளியிட்ட மேற்கு மலேசியக் கருப்பு ஈக்கள் பற்றிய நூலில் கூட்டுப்புழுவின் லட்சணங்கள் முக்கிய இடம் பெறுவதற்குக் காரணம் இதுவே. கூட்டுப்புழுவை வளர்த்து, வெளிவந்த ஈயையும் அது கழற்றிய தோலையும் பிரியாமல் காப்பதே இங்கு பிரமாணம். வலையில் சிக்கிய தனி ஈ, படத்தைப் போலவே, பாதிச் சாட்சிதான்.

படத்தில் தொடங்கி உடலைக் கொண்டு முடிவு கண்டதற்கு மலேசியாவிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. ஈயன்று, கண்ணாடிச்சிறகுப் பூச்சி. சிலாங்கூரில் குவெக் ஹொக் பிங் எடுத்த படத்தைக் கண்டு, இது புதிய இனமாகலாம் என்று ஊகித்த பூச்சியியலாளர் ஷான் வின்டர்ட்டன், உடல் கைக்கு வரும்வரை காத்திருந்து, அதன் பின்னரே, 2012இல், செமாக்ரைசா ஜேட் என்ற பெயர் வெளியாகச் செய்தார். மாறாக, 2015இல் தென்னாப்பிரிக்க ஈ ஒன்றுக்குப் படங்களை மட்டும் ஆதாரமாக்கிப் பெயரிட்டபோது பெரும் விவாதம் எழுந்தது; விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதி அதற்கு இடமளித்தது உண்மையே. எனினும் பின்னால் சந்தேகம் தோன்றினால் திரும்பித் திறந்து பார்க்க ஏதும் இராத அந்த முறையைவிட, வின்டர்ட்டனின் பொறுமையே பின்பற்றத்தக்கது என்பது என் துணிபு.

உடலும் அழியக்கூடியதே. 1945இல் குண்டுவீச்சினால் கோலாலம்பூரில் சிலாங்கூர் அருங்காட்சியகக் கட்டடம் சிதைந்ததை நினைத்தால், ஒவ்வொரு மாதிரிக்கும் படம் ஒன்று வேறிடத்தில் இருப்பது எத்தகைய பாதுகாப்பு என்பது விளங்கும். ஆகவே படமும் உடலும் ஒரே ஈயினுடையவாக இருத்தல் வேண்டும். உடல் கிடைக்காதவிடத்து, படத்தில் தெரியும் லட்சணம் குடும்பத்தையோ பேரினத்தையோ காட்டுமாயின், அந்த அளவோடு பெயர் நிற்க வேண்டும்.

கேமரன் மலைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்வாறு படமும் உடலும் ஒருங்கே சேர்க்கும் பணிக்கு மிகவும் உரியவர்கள். உரிய அனுமதியோடு, ஓர் ஈயை உயிருடன் படமெடுத்து, அதே ஈயைப் பிடித்து, படத்தின் எண், இடம், உயரம், தேதி, பிடித்தவர் பெயர் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி, கெப்போங் வன ஆராய்ச்சி நிலையம் போன்ற சேகரிப்புக்கு அனுப்பி வைக்குமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.