மணி அடித்த ஊரும் மௌன விரதமும்

தொலைபேசி மணி இந்தியாவில் முதன்முதலாக ஊரறிய ஒலித்த இடங்களில் நம் கல்கத்தாவும் ஒன்று. 1882 ஜனவரி 28 அன்று, கவுன்சில் ஹவுஸ் தெரு 7-ஆம் எண் கட்டடத்தில் 'சென்ட்ரல் எக்ஸ்சேஞ்ச்' திறக்கப்பட்டது. சந்தாதாரர்கள் 93 பேர்தான். கைபேசிக்கும் இந்த ஊரே தலைவாசல். 1995 ஜூலை 31 அன்று, ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து முதலமைச்சர் ஜோதிபாசு, டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார்.

அப்போதெல்லாம் வருகிற அழைப்புக்கும் நாமே காசு கொடுக்கணும். ஆகவே வீண் பேச்சுக்கு யாரும் கூப்பிடவில்லை. 2003 மே மாதம் வரும் அழைப்பு இலவசமானது. இலவசச் சரக்கு எங்கே குவியாமல் இருக்கும்? கடன் வேணுமா, மனை வேணுமா என்று அழைப்புகள் பெருகின. 2007-இல் டிராய் ஆணையம் இதற்கென விதிமுறை கொண்டு வந்தது. 2011 செப்டம்பர் 27 முதல் 1909 என்ற எண்ணில் நம் விருப்பத்தைப் பதிவு செய்யலாம் என்றாயிற்று.

கேட்காமலிருக்கும் உரிமை

இதற்கும் முன்பே, 1996-இல், கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் நீதிபதி பகவதி பிரசாத் பானர்ஜி ஒலிபெருக்கி வழக்கொன்றில் அரிய தீர்ப்பளித்தார். அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு பேசும் உரிமையைத் தருகிறது. அதற்குள்ளேயே, விருப்பமில்லாததைக் கேட்காமலிருக்கும் உரிமையும் அடங்கும் என்பது அதன் சாரம். மணியைத் தந்த ஊரே மௌனத்துக்கும் சட்டம் தந்தது என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

ஐந்து அதிசாரங்கள்

சமண இல்லறத்தாருக்குத் தேசாவகாசிகம் என்றொரு விரதம் உண்டு. சமந்தபத்திராசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் வந்த நம் தமிழ் அருங்கலச்செப்பும் இதைக் கூறுகின்றன. வீடு, தெரு, ஊர், ஆறு என ஓர் எல்லையும், அதற்கொரு காலமும் வகுத்துக்கொண்டு, அதைத் தாண்டாமல் இருப்பது விரதம். கால் தாண்டாவிட்டால் போதாது. தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயம் ஐந்து அதிசாரங்களை, அதாவது விரதத்துக்கு வரும் குற்றங்களை, எண்ணிச் சொல்கிறது: எல்லைக்கு வெளியிலிருந்து பொருளை வரவழைப்பது, ஆளை ஏவுவது, குரல் கொடுப்பது, உருவத்தைக் காட்டுவது, கல்லெறிந்து கவனத்தை இழுப்பது.

இன்றைய கைபேசியை எடுத்து இந்த ஐந்தோடும் பொருத்திப் பாருங்கள். வீட்டிலிருந்தே சரக்குக்கு ஆர்டர் போடுவது, ஆளுக்குச் செய்தி அனுப்புவது, பேசுவது, வீடியோவில் முகம் காட்டுவது. கல்லெறிவது எது? மிஸ்டு கால்தான்! உடம்பு ஹவுராவில் உட்கார்ந்திருந்தாலும் மனசு எல்லை கடந்து ஓடும் வழிகளை முன்னோர் அன்றே கணக்கெடுத்துவிட்டார்கள்.

ஊர்ச் செய்தி வந்தால்?

"அணைச்சு வெச்சா, ஊர்லேர்ந்து ஏதாவது சேதி வந்தா என்ன செய்யறது?" என்று நம் குடும்பங்களில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நள்ளிரவுத் தந்திக்கும் டிரங்க் காலுக்கும் நெஞ்சு படபடத்து வளர்ந்த தலைமுறை நாம். தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோனது. அந்தப் பயம் நிற்கவில்லை. பெற்றோரை ஆயிரம் மைலுக்கப்பால் விட்டு வந்தவனுக்கு மணியோசை ஒரு கயிறு. அதை அறுக்கச் சொல்வது விரதமாகாது.

அறுக்க வேண்டியதும் இல்லை. 2012 முதல் ஐபோனிலும், 2014 முதல் ஆண்ட்ராய்டிலும், மற்ற ஓசைகளை அடக்கிவிட்டுக் குறித்த சிலரின் அழைப்பை மட்டும் உள்ளே விடும் வசதி வந்துவிட்டது. அதே எண்ணிலிருந்து சில நிமிடங்களுக்குள் மறுபடி அழைப்பு வந்தால் மணி அடிக்கும்படியும் வைத்துக்கொள்ளலாம். அம்மா, அப்பா, உடன்பிறந்தார், ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்: இந்த நாலைந்து எண்கள் போதும். ஊரில் இருப்பவர்களிடம், "அவசரம்னா ரெண்டு தரம் கூப்பிடுங்க" என்றும் சொல்லி வையுங்கள்.

சாமாயிகத்துக்குச் சொன்ன காலம் ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை, 48 நிமிடம். எந்தச் சமயத்தாராயினும், அவரவர் வழிபாட்டுக்கோ, படிப்புக்கோ, பிள்ளைகளோடு தமிழில் பேசுவதற்கோ தினம் இந்த 48 நிமிடத்தை ஒதுக்கிப் பாருங்கள். நஷ்டம் ஒன்றும் வராது, வரவுதான்.