மூச்சை நிறுத்தாத மருந்து

தாய்லாந்தில் தாம் லுவாங் குகைக்குள் மாட்டிக்கொண்ட கால்பந்துப் பையன்களை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2018 ஜூன் 23 அன்று 12 பையன்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் உள்ளே போனார்கள். மழை வெள்ளம் வழியை அடைத்துவிட்டது. ஜூலை 2 அன்று இரண்டு பிரிட்டிஷ் முக்குளிப்பாளர்கள் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். சரி, வெளியே எப்படிக் கொண்டுவருவது? கலங்கல் தண்ணீரில், கும்மிருட்டில், ஆள் நுழையவே திணறும் இடுக்குகள் வழியாக வரவேண்டும். நடுவில் ஒரு பையன் பயந்து திமிறினால் அவனும் போவான், கூட வருபவரும் போவார்.

அதனால் மயக்கிக் கொண்டுவருவது என்று முடிவானது. ஆஸ்திரேலிய மயக்கவியல் மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸ் ஒவ்வொருவருக்கும் பதற்றம் தணிய ஒரு மாத்திரை கொடுத்தார். பிறகு தொடையில் கெட்டமின், கூடவே எச்சில் ஊறாமல் இருக்க அட்ரோபின். முகமூடியைப் பிடுங்கிவிடக் கூடாதென்று கைகளைப் பின்னால் கட்டினார்கள். ஒரே ஊசி கடைசி வரை தாங்காது என்பதால், வழியில் மறுபடி குத்த முக்குளிப்பாளர்களுக்கே கற்றுக்கொடுத்தார். அவர்கள் குமிழி வருகிறதா, பையன் மூச்சு விடுகிறானா என்று பார்த்தபடியே இழுத்து வந்தார்கள். இது பலிக்கும் என்ற நம்பிக்கை தனக்கே இல்லை என்று ஹாரிஸ் பின்னால் சொன்னார். மூன்று நாளில் 13 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

ஏன் கெட்டமின்? பெரும்பாலான மயக்க மருந்துகள் மூச்சைத் தளர்த்தும், ரத்த அழுத்தத்தை இறக்கும். பக்கத்தில் ஆக்சிஜனும் மானிட்டரும் தெரிந்த ஆளும் வேண்டும். கெட்டமின் வழக்கமான அளவில் மூச்சைப் பெரும்பாலும் விட்டுவைக்கும், ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றவும் செய்யும். ரத்தக்குழாயைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், தசையில் போட்டாலே சில நிமிடங்களில் வேலை செய்யும். ஆஸ்பத்திரிக்கு வெளியே இதற்கு இவ்வளவு மவுசு வந்ததற்கு இதுதான் காரணம்.

கதை தொடங்கியது அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில். அங்கிருந்த பார்க்-டேவிஸ் நிறுவனம் 1950களில் பென்சைக்ளிடின் என்ற மருந்தைச் சோதித்தது. மயக்கம் நன்றாகவே வந்தது. ஆனால் தெளியும்போது சிலர் மணிக்கணக்கில் பிதற்றினார்கள், வெறி பிடித்தவர்கள் போல நடந்துகொண்டார்கள். அதன் சாயலில், ஆனால் சீக்கிரம் தெளிகிற ஒன்று வேண்டும் என்று தேடினார்கள். அந்நிறுவனத்தின் ஆலோசகராக இருந்த வேதியியல் பேராசிரியர் கால்வின் ஸ்டீவன்ஸ் 1962இல் கெட்டமினை உருவாக்கினார்.

மனிதருக்கு முதலில் கொடுத்த இடம் எது தெரியுமா? மிச்சிகன் மாநிலத்தின் ஜாக்சன் சிறை. 1964 ஆகஸ்ட் 3 அன்று எட்வர்ட் டொமினோவும் குந்தர் கார்சனும் ஒரு கைதிக்கு அதைக் கொடுத்தார்கள். மொத்தம் 20 பேர், எல்லாரும் 'தன்னார்வலர்கள்'. கம்பிக்குள் இருப்பவன் சொல்லும் 'சரி'க்கு என்ன மதிப்பு என்று அன்று யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அந்தக் காலத்து வழக்கமே அப்படித்தான்.

மருந்து ஏறியவர்கள் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்கள், ஆனால் அங்கே இல்லை. வானத்தில் மிதப்பது போல, கைகாலே இல்லாதது போல இருந்ததென்று சிலர் சொன்னார்கள். இந்த நிலைக்கு என்ன பெயர் வைப்பது என்று டொமினோ குழம்ப, அவர் மனைவி 'தொடர்பு அறுந்த மயக்கம்' என்ற பொருளில் ஒரு சொல்லை எடுத்துக்கொடுத்தார். மருத்துவப் புத்தகங்களில் இன்றும் அதுதான் நிற்கிறது.

1970இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. வியட்நாம் போர்க்களத்துக்குப் போனது. 1985இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறியது. 2015இல் போதைப் பழக்கத்தைக் காரணம் காட்டி இதை உலக அளவில் கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்று சீனா கேட்டது. அந்த நிறுவனம் ஒப்பவில்லை. ஏழை நாடுகளின் சின்ன ஆஸ்பத்திரிகளில் அறுவை சிகிச்சைக்கு இதை விட்டால் வேறு வழியே இல்லை என்பதுதான் வாதம்.

நடுவில் ஒரு வேடிக்கை. 1970களின் தொடக்கத்தில் ஏற்கெனவே மூளையில் கட்டியோ நீர் அடைப்போ இருந்த சிலரிடம் செய்த சிறு ஆய்வுகளை வைத்து, 'தலையில் அடிபட்டவருக்குக் கெட்டமின் ஆகாது' என்று எழுதிவைத்தார்கள். விபத்தில் சிக்கியவருக்குத்தான் இது அதிகம் உதவும், அவருக்கே தடை! அந்தப் பயம் விலகச் சுமார் முப்பது வருடம் ஆனது.

அதற்குப் பிறகு நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். திமிறுகிற ஆளை அடக்கவும் அமெரிக்க ஆம்புலன்ஸ்களில் கெட்டமின் வந்தது. 'வெறிப் பிதற்றல்' என்று ஒரு நோய்ப் பெயரும் தயாராக இருந்தது. 2009இல் அவசர மருத்துவர்கள் சங்கம் ஓர் அறிக்கையில் அதை ஏற்றுக்கொண்டது.

2019 ஆகஸ்ட் 24 இரவு, கொலராடோவின் அரோரா நகரம். எலைஜா மெக்லெயின், வயது 23, கடைக்குப் போய்விட்டு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். சந்தேகமாக இருக்கிறார் என்று யாரோ போன் செய்ய, போலீஸ் பிடித்துக் கழுத்தை நெரித்து மடக்கியது. மூச்சு விட முடியவில்லை என்று அவர் சொன்னார். வந்த பாராமெடிக்குகள் 500 மில்லிகிராம் கெட்டமின் போட்டார்கள். அவர் எடை ஏறக்குறைய 65 கிலோ. அங்கிருந்த விதிப்படி கிலோவுக்கு 5 மில்லிகிராம், அதாவது சுமார் 325. ஆளைப் பார்த்து 90 கிலோ இருப்பார் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, நாடி பார்க்கவில்லை என்பது வழக்கில் முக்கியக் குற்றச்சாட்டு. சில நிமிடங்களில் இதயம் நின்றது. சில நாட்களில் இறந்துபோனார்.

மூச்சை நிறுத்தாது என்ற பெயர், மூச்சைப் பார்க்கவே தேவையில்லை என்று ஆகிவிட்டது. குகைக்குள் இருட்டில் குமிழியைப் பார்த்தவர்களுக்குக் கையில் ஒரு கருவியும் கிடையாது. அரோராவில் ஆம்புலன்ஸே நின்றுகொண்டிருந்தது.

மரணத்துக்குக் காரணம் தெரியவில்லை என்றது முதல் பிரேதப் பரிசோதனை. அதைத் திருத்தி 2022இல் வெளியிட்ட அறிக்கை, பலவந்தமாக அடக்கியபின் போட்ட கெட்டமினின் விளைவு என்றது. 2023 டிசம்பரில் இரண்டு பாராமெடிக்குகளும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, அந்தச் சங்கம் 2009 அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.