மூன்றாம் பிரிவும் சல்லிக் கடைத்தெருவும்

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில், ஒரு சபை எதற்காக இருக்கிறது என்று சொல்வது 3ஆம் பிரிவு. கடற்கரைக் கிராமமான சல்லியில் முத்துமாரியம்மன் கோயில் பொங்கலுக்கு எழும் தற்காலிகக் கடைகளை ஒழுங்கு செய்வோர், கடை ஏலத்துக்கு முன் இதை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

அந்தப் பிரிவின்படி, தன் எல்லைக்குள் சபையே உள்ளூராட்சி அதிகாரம். மணற்கரையில் அது மட்டும் போதாது. 1981ஆம் ஆண்டுக் கரையோரம் பேணல் சட்டம் உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்கிறது. ஆகவே சபையும் கோயில் நிர்வாகமும் கரையோரம் பேணல் திணைக்களமும் ஒரே வரைபடத்தின் முன் உட்கார வேண்டும்.

சபையின் பொறுப்புகளில் பிரிவு முதலில் சொல்வது பொதுச் சுகாதாரம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் விழாவன்று வந்து பார்ப்பதில் பயன் குறைவு. கடைகளுக்கு இடம் பிரிக்கும்போதே அவர் வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தரைப்பக்கத்துப் புழுதியெல்லாம் கடலை நோக்கிப் பறக்கும். திறந்த தட்டில் தொதலும் அல்வாவும் விற்பவருக்கு வாகனத் தரிப்பிடத்துப் புழுதி வந்து விழும் பக்கத்தில் இடம் கொடுத்தால், வாங்குபவர் மண்ணைத்தான் தின்பார்.

பொதுப் பயன்பாட்டுச் சேவைகள். தண்ணீர், கழிப்பறை, வெளிச்சம், குப்பை. குப்பை அன்றிரவே அள்ளப்படாவிட்டால் பொலித்தீன் பைகள் விடியுமுன் கடலில் இருக்கும். பிறகு அவை மீனவரின் வலையில் வரும்.

பொது வழிகள். சட்டம் மூன்றாவதாகச் சொல்வதைச் சல்லியில் நான் முதலாவதாக வைப்பேன். 2004 டிசம்பர் 26இல் இந்தக் கரை சுனாமியைக் கண்டது. கடலிலிருந்து நிலாவெளி வீதிப் பக்கம் திரும்பும் பாதைதான் கூட்டத்தின் உயிர். ஒரு காப்புக் கடைக்காரர் மேசையை இரண்டடி முன்னே இழுப்பார், எதிர்க்கடையும் இழுக்கும், இருட்டுவதற்குள் அம்புலன்ஸ் நுழைய முடியாத சந்தாகிவிடும். கேட்டுப் பார்த்தால் இருவருமே நல்லவர்கள். அதனால் வாய்ச்சொல்லை நம்பாமல் கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, அந்தக் கோட்டைக் காக்க இரவு முழுக்க ஒருவரை நிறுத்த வேண்டும். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியும் எரிவாயு உருளையும் இந்தப் பாதையோரம் கூடவே கூடாது.

மக்களின் வசதியும் நலனும். மக்கள் என்றால் பொங்கலுக்கு வருகிறவர்கள் மட்டுமா? படகு ஏற்றும் இடமும் வலை காயும் இடமும் விழா நாளிலும் சல்லி மீனவருக்கு உரியவை. அவற்றையும் அங்கே போகும் வழியையும் முதலில் ஒதுக்குங்கள். மிஞ்சுகிற நிலத்தில் எத்தனை கடை கொள்ளுமோ அத்தனையை ஏலம் விடுங்கள்.