மதிலும் சொல்லும்: பெவன்சிக் கோட்டை அகழாய்வு உணர்த்துவது

வரலாற்றுச் சான்றுகளுள் எழுத்துச் சான்றே முதன்மையானது என்னும் எண்ணம் மொழியாய்வாளரிடையே வேரூன்றிய ஒன்றாகும். எழுத்தும் தான் பொறிக்கப்பட்ட பொருளாலும் தோன்றிய காலத்தாலும் சோதிக்கப்பட வேண்டியதே என்பதை இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பெவன்சிக் கோட்டையின் ஆய்வு வரலாறு காட்டுகிறது.

பிற்கால உரோமானியக் கடற்கோட்டையாகிய இதன் பழம்பெயர் ஆண்டெரிடா என்பதாகும். 'பெருந்துறை' எனப் பொருள்படும் கெல்டியச் சொல்லின் வழி வந்தது இப்பெயர் என்பர். முற்காலத்தில் கடலும் சதுப்பும் சூழ்ந்திருந்த நிலநாக்கொன்றின்மீது இக்கோட்டை எழுந்தது. முந்தைய உரோமானியக் கோட்டைகளைப் போலச் செவ்வக வடிவில் அமையாமல், நிலத்தின் போக்கைத் தழுவி நீள்வட்டமாக இது அமைந்துள்ளது. ஏறத்தாழ 4 எக்டேர் பரப்பை வளைத்து நிற்கும் இதன் மதில் இன்றும் சில இடங்களில் 8 மீட்டர் அளவு உயர்ந்துள்ளது. மதிலினின்றும் அரைவட்டக் கொத்தளங்கள் வெளிநோக்கிப் புடைத்து நிற்கின்றன. அடித்தளத்தில் ஓக் மர முளைகளை இறக்கி, சுண்ணப்பாறையும் தீக்கல்லும் இட்டு நிரப்பி, மரச்சட்டங்களைப் பரப்பி அதன்மேல் மதிலை எழுப்பியுள்ளனர்.

இக்கோட்டையின் வரலாற்றை எழுதியோரை இரு எழுத்துச் சான்றுகள் வழிநடத்தின. அவற்றுள் ஒன்று செங்கல் முத்திரை. 'ஹான் அவுக் ஆண்ட்ரியா' எனும் இலத்தீன் எழுத்துகள் பதிந்த செங்கற்களை 1907இல் சார்லசு டாசன் என்பார் அறிஞர் அவையில் முன்வைத்தார். பேரரசர் ஹொனோரியசு காலத்தில் (கி.பி. 395-423) மதில் பழுதுபார்க்கப்பட்டமைக்கு இது சான்றாகக் கொள்ளப்பட்டது. 'ஆண்ட்ரியா' என்பதும் ஊர்ப்பெயரின் குறுக்கமாக ஏற்கப்பட்டது. சுடுமண் இறுதியாகச் சூளையில் வெந்த காலத்தை அளக்கும் வெப்ப ஒளிர்வு முறையால் டேவிட் பீக்காக் 1973இல் இவை போலியானவை என நிறுவினார். செங்கற்கள் டாசனின் காலத்திலேயே சுடப்பட்டவை. எனவே, ஊர்ப்பெயராய்வார் 'ஆண்ட்ரியா' என்னும் வடிவத்தைச் சான்றாகக் கொள்ளுதல் இயலாது.

மற்றொன்று மெய்யான ஆவணமே. ஆயினும் காலத்தால் பிந்தியது. ஏறத்தாழக் கி.பி. 400ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட 'நொட்டிட்டியா டிக்னிட்டாட்டும்' என்னும் உரோமானியப் பதவிப்பட்டியல், ஆண்டெரிடா உள்ளிட்ட கோட்டைகளை 'லிட்டசு சாக்சோனிக்கும்' என்னும் ஆட்சிப்பகுதியில் அடக்குகிறது. 'சாக்சன் கரை' எனும் இத்தொடர் சாக்சன்கள் தாக்கிய கரையையோ அவர்கள் குடியேறிய கரையையோ குறிக்கலாம் என அறிஞர் வாதிட்டுள்ளனர். இலத்தீன் பெயரடை இவ்வுறவை வெளிப்படுத்துவதில்லை. தமிழ்த் தொகைச்சொல்லும் அவ்வாறே அதனை மறைத்து நிற்கிறது. விரித்து மொழிபெயர்க்க முற்படுவோர் தம்மையறியாமலே ஒரு கட்சியைச் சார்ந்துவிடுகின்றனர்.

கோட்டை எழுந்த காலம் கி.பி. 340 அளவினது என நெடுநாள் கருதப்பட்டு வந்தது. மைக்கேல் ஃபுல்ஃபோர்டும் இயன் டையர்சும் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதனை மாற்றியது. அடித்தள மரங்களின் வளையங்களை ஒப்பிட்டபோது அவை கி.பி. 280-300க்கு இடையில் வெட்டப்பட்டமை புலனாயிற்று. கராசியசு, அலெக்டசு ஆகியோரின் காசுகளும் அடித்தளத்தில் கிடைத்தமையால் கட்டுமானம் 293ஐ ஒட்டித் தொடங்கியது எனக் கொள்ளப்பட்டது. இவ்விருவரும் உரோமைப் பேரரசினின்று பிரிந்து, 286 முதல் 296 வரை பிரித்தானியாவை அடுத்தடுத்துத் தனியே ஆண்டவர்கள். எனவே, இம்மதில் கடற்கொள்ளையரை மட்டுமன்றி, நாட்டை மீட்கவரும் உரோமைக் கடற்படையையும் எதிர்நோக்கி எழுந்தது எனக் கருத இடமுண்டு. 296இல் கான்ஸ்டான்டியசு பிரித்தானியாவை மீட்ட பின்னர் எதிரியும் மாறினான், காவலும் மாறியது. நூறாண்டுக்குப் பின் எழுதப்பட்ட 'சாக்சன்' என்னும் அடையைக் கட்டியோரின் நோக்கமாக ஏற்றியுரைத்தல் பொருந்தாது.

மொழிபெயர்ப்பாளர் இதனின்று கொள்ளத்தக்கவை இரண்டு. மூலம் விரிக்காத தொகையைத் தாமும் விரிக்காது 'சாக்சன் கரை' என்றே பெயர்த்து, விளக்கத்தைக் குறிப்பில் தருதல் ஒன்று. ஒரு சொல் எக்காலத்து ஆவணத்திற்குரியது என்பதை அச்சொல்லோடு சேர்த்தே சுட்டுதல் மற்றொன்று. பெவன்சியில் எழுத்துடைய செங்கல் பொய்த்தது. எழுத்தில்லாத மரமே காலத்தை உரைத்தது. சொல்லின் பொருளைத் துணியுமுன் அச்சொல்லைத் தாங்கிய பொருளையும் ஆராய்தல் நம் துறைக்கும் உரிய கடமையாகும்.