தாத்தாவின் .303 ரைஃபிள்: துரு எடுத்து, சரிசெய்து, சுடலாமா?

ஊர் வீட்டைக் காலி செய்யும்போது பரணில் சாக்குத் துணி சுற்றிய நீளமான ஒன்று கிடைக்கிறது. பிரித்தால், சுமார் 4 கிலோ எடையுள்ள ஒரு ரைஃபிள். கட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு, பேரலில் துரு. போல்ட் கைப்பிடிக்குக் கீழே உள்ள இரும்புப் பட்டையில் ஒரு கிரீடம், 'ஜி.ஆர்.ஐ.' என்ற எழுத்துகள், இஷாப்பூர் என்ற பெயர், ஒரு வருடம். உங்களுக்குக் கிடைத்திருப்பது லீ-என்ஃபீல்டு. நம்ம ஊர் பேச்சில் 'த்ரீ நாட் த்ரீ'.

முதலில் ட்ரிகரைத் தொடாதீர்கள். உள்ளே தோட்டா இருக்கலாம். முனையை ஆள் இல்லாத பக்கம் திருப்பி வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

அடுத்து என்ன தோன்றும் என்று தெரியும். யூடியூபில் இப்படி ஒரு துப்பாக்கியைத் துரு எடுத்து, எண்ணெய் போட்டு, கடைசியில் சுட்டுக் காட்டும் வீடியோக்கள் ஏராளம். இந்தியாவில் தயாரான ரைஃபிள்களே உபரிச் சரக்காக அமெரிக்காவுக்குப் போய் அங்கே அப்படிப் புதுப்பிக்கப்படுகின்றன. ஆனால் அது அந்த நாட்டுச் சட்டம். இங்கே 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம்.

'பழசுதானே, ஓடாதே' என்றால் விடுவார்களா?

பலரும் தப்பாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தைத்தான். வழக்கொழிந்த, பழம்பொருள் மதிப்புள்ள அல்லது பழுதான ஆயுதங்களுக்குப் பிரிவு 45 விலக்கு தருகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: பழுது பார்த்தாலும், பார்க்காவிட்டாலும் அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாததாக இருக்க வேண்டும். அதாவது 'இன்றைக்குச் சுடுமா' என்பதல்ல கேள்வி. 'சரிசெய்தால் சுடுமா' என்பதே கேள்வி. துருப்பிடித்த போல்ட்டும் உடைந்த கட்டையும் மாற்றக்கூடியவை. அதனால் பரணில் கிடந்த ரைஃபிளை நீங்களே 'பழம்பொருள்' என்று முடிவு செய்துகொள்ள முடியாது. அந்த முடிவை உரிமம் வழங்கும் அதிகாரியிடம் எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று, பழுது பார்ப்பதற்கே பிரிவு 5-ன் கீழ் லைசென்ஸ் வேண்டும். தெரிந்த லேத் பட்டறை அண்ணனிடம் கொடுத்தால் அவரையும் சேர்த்து மாட்டிவிடுவீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பிரிவை மீறினால் குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

.303-க்கு மட்டும் ஏன் தனிக் கெடுபிடி?

போலீஸும் ராணுவமும் பயன்படுத்திய தோட்டாவைப் போட்டுச் சுட முடியும் என்பதால்தான். .303 மற்றும் 7.62 மி.மீ. 'சர்வீஸ்' தோட்டாக்கள் பொருந்தும் போல்ட் ரைஃபிள்கள் தடைசெய்யப்பட்ட வகையில் வருகின்றன. இவற்றை வைத்துக்கொள்ள மத்திய அரசின் சிறப்பு அனுமதி தேவை. 1962 சீனப் போருக்குப் பிறகு இஷாப்பூர் வடிவமைத்த 7.62 மி.மீ. 2ஏ, 2ஏ1 ரைஃபிள்களுக்கும் இதே கதிதான்.

இந்த ரைஃபிள் அப்படியொன்றும் தொலைதூர வரலாறு அல்ல. உத்தரப் பிரதேச போலீஸ் .303-க்கு விடை கொடுத்ததே 2020 குடியரசு தினத்தில்தான்.

தாத்தாவிடம் லைசென்ஸ் இருந்திருந்தால்? அது அவரோடு போய்விடும். துப்பாக்கியோடு ஒட்டிக்கொண்டு வராது. 2016 விதிகளின்படி வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். ஆனால் 2019-லிருந்து ஒருவருக்கு அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான், பரம்பரைச் சொத்தையும் சேர்த்து. அதுவரை பிரிவு 21-ன்படி தாமதமின்றி காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் உரிமை போய்விடாது. தகுதியுள்ளவருக்கு விற்கவும் வழி உண்டு. ஆனால் விதித்த காலக்கெடு தாண்டினால் பறிமுதல் ஆகிவிடும்.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது. அப்போ சுடலாமா?

உடனே வேண்டாம். பார்க்கப் பளபளப்பாக இருப்பதற்கும் பாதுகாப்பாகச் சுடுவதற்கும் சம்பந்தமில்லை. லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக் முதலில் பார்ப்பது 'ஹெட்ஸ்பேஸ்', அதாவது மூடிய போல்ட் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி. அது அதிகமானால் சுடும்போது தோட்டாக் கூடு கிழிந்து, சூடான வாயு சுடுபவர் முகத்தை நோக்கியே வரலாம். போல்ட்டிலும் பாடியிலும் உள்ள எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வேறு ரைஃபிளின் போல்ட் மாட்டியிருந்தால் இந்த இடைவெளி மாறியிருக்கும். 'டி.பி.' முத்திரை இருந்தால் அது கவாத்துப் பயிற்சிக்கு ஒதுக்கிய துண்டு. அதைச் சுடவே கூடாது.

பழைய தோட்டா கூடவே கிடைத்தாலும் தொடாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதும் குற்றம். போதாக்குறைக்கு, அந்தக் கால பிரைமர்கள் விட்டுவைக்கும் உப்பு ஈரத்தை இழுத்துப் பேரலை அரித்துவிடும். எண்ணெயில் அந்த உப்பு கரையாது. அதனால்தான் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் பேரலுக்குள் கொதிநீர் ஊற்றினார்கள்.

இந்த ரைஃபிளைச் சுடும் அனுபவம்தான் வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. இஷாப்பூரின் .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள் இதே லீ-என்ஃபீல்டு அமைப்பில் செய்தது. தோட்டா வேறு என்பதால் தடைப் பட்டியலில் இல்லை. சாதாரண லைசென்ஸ் போதும், வயது 21 ஆகியிருந்தால் விண்ணப்பிக்கலாம்.

பரணில் கிடந்ததை மட்டும் காரில் போட்டு நீங்களே ஸ்டேஷனுக்கு ஓட்டிப் போகாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் எடுத்துச் செல்வதும் தனிச் சிக்கல். வக்கீலிடம் பேசி, எழுத்தில் தகவல் கொடுத்து, எப்படி ஒப்படைப்பது என்று ஸ்டேஷனிலேயே கேளுங்கள். தாத்தாவின் பழைய லைசென்ஸ் புத்தகம் அதே டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா என்று அதற்கு முன்னாடி ஒருமுறை தேடிப் பாருங்கள்.