வில் குரௌதரின் ‘அட்வென்ச்சர்’: ஒரு பொழுதுபோக்கு நிரலின் மூலபாட வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

உரைவழிச் சாகச விளையாட்டு என்னும் வகைமைக்கு முன்மாதிரியாக அமைந்தது ‘அட்வென்ச்சர்’. இதனை எழுதிய வில் குரௌதர் விளையாட்டு உருவாக்கத்தைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். அவரது நிரலின் முதல் வடிவம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் காணக் கிடைக்கவில்லை. அதனால் டான் உட்ஸ் விரித்தெழுதிய வடிவத்தைக் கொண்டே குரௌதரின் பங்கு மதிப்பிடப்பட்டு வந்தது. முதல் வடிவம் மீட்கப்பட்டபின் அம்மதிப்பீட்டில் எவை நிற்கின்றன, எவை வீழ்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உரைவழிச் சாகச விளையாட்டு, ஃபோர்ட்ரான், குகை அளவாய்வு, மூலபாடம், பொழுதுபோக்கு நிரலாக்கம்.

முன்னுரை

1970களின் தொடக்கத்தில் வில் குரௌதர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனத்தில் நிரலாளராகப் பணியாற்றினார். இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பின் இணைப்புக் கணினிகளுக்கு நிரல் எழுதிய குழுவில் அவரும் ஒருவர். பணி நேரத்திற்கு வெளியே அவருக்கு இரு ஈடுபாடுகள் இருந்தன. ஒன்று குகை ஆய்வு. மற்றொன்று 1974இல் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு. இவ்விரண்டும் சேர்ந்த இடத்தில்தான் ‘அட்வென்ச்சர்’ பிறந்தது.

குகையும் அளவேடும்

கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைத் தொகுதியும் அதற்கு அருகிலுள்ள ஃபிளின்ட் ரிட்ஜ் தொகுதியும் நிலத்தடியில் இணைந்துள்ளனவா என்பது குகை ஆய்வாளர்களின் நெடுநாள் வினா. 1972 செப்டம்பர் 9 அன்று ஜான் வில்காக்ஸ் தலைமையில் சென்ற அறுவர் குழு அவ்விணைப்பைக் கண்டறிந்தது. குரௌதரின் அன்றைய மனைவியான பாட்ரிசியா குரௌதர் அக்குழுவில் இருந்தார்.

குரௌதர் இணையரின் பணி குகைக்குள் நுழைவதோடு முடியவில்லை. சேறு படிந்த குறிப்பேடுகளில் எழுதிவந்த அளவுகளை வீட்டிலிருந்த தொலைத்தட்டச்சுக் கருவி வழியே நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பி, நிரல் கொண்டு குகையின் வரைபடத்தை வரைந்தெடுத்தனர். குகை அளவாய்வில் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்திற்குள்ள தொலைவு, திசை, சரிவு ஆகியவை வரிவரியாகப் பதியப்படும். இம்முறை குரௌதரின் பிற்கால நிரலைப் புரிந்துகொள்ளத் தேவையான ஒன்று.

பின்னர் மணமுறிவு நேர்ந்தது. அதன்பின் பழைய குழுவினருடன் குகைக்குச் செல்வது குரௌதருக்குச் சங்கடமாயிற்று. தம் இரு மகள்களைப் பிரிந்திருந்ததும் அவரை வருத்தியது. குகைப் பயணத்தைக் கற்பனை கலந்து மீண்டும் அமைத்து, மகள்கள் வரும்போது அவர்கள் ஆடி மகிழத்தக்க ஒரு நிரலை எழுத முடிவு செய்தார். கணினியறியாதவரையும் அச்சுறுத்தாதிருக்க வேண்டும் என்பதே அன்றாட ஆங்கிலச் சொற்களால் கட்டளையிடும் முறையை அவர் தேர்ந்தமைக்குக் காரணம். அவரே பிற்காலத்தில் அளித்த விளக்கம் இது.

நிரலின் அமைப்பு

பிடிபி-10 கணினியில் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்ட முதல் வடிவம் ஏறத்தாழ 700 வரி நிரலும் 700 வரி தரவும் கொண்டது. 78 இடவிவரிப்புகளும் 193 சொற்களும் அதில் உள்ளன. 78இல் 66 மட்டுமே உண்மையான இடங்கள்; எஞ்சிய 12 வழிநடைச் செய்திகள். ஆடுபவர் ஓரிரு சொற்களில் கட்டளையிடுவார். சொல்லின் முதல் ஐந்து எழுத்துகளை மட்டுமே நிரல் கருத்திற்கொள்ளும். 36 பிட் அளவுள்ள ஒரு நினைவகச் சொல்லில் ஐந்து எழுத்துகளே அடங்கும் என்பதே இதற்குக் காரணம்.

நிரலின் மையம் அதன் வழி அட்டவணை. ஒவ்வொரு வரியிலும் ஆடுபவர் நிற்கும் இடத்தின் எண், சென்றடையும் இடத்தின் எண், அவரை அங்குச் செலுத்தும் சொற்களின் எண்கள் ஆகியன அமைகின்றன. குகை அளவேட்டின் வரியமைப்போடு இது பெரிதும் ஒத்திருப்பதைக் காணலாம். தொலைவும் சரிவும் நீங்கின. புறப்படும் நிலையமும் சேரும் நிலையமும் எஞ்சின. அளவாய்வுத் தரவைக் கையாண்டு பழகிய கையே இவ்வட்டவணையையும் எழுதியது என்று கருத இடமுண்டு. மாமத் குகைத் தொகுதியின் பெட்குவில்ட் பகுதிக்கு முதன்முறை சென்ற ஒருவர், விளையாட்டில் பெற்ற பழக்கத்தாலேயே வழியறிந்து நடந்தார் என்னும் செய்தியும் இதற்கு அரண் செய்கிறது.

உட்ஸின் விரிவாக்கம்

1976இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் டான் உட்ஸ் இந்நிரலைக் கண்டார். அப்போது குரௌதர் எங்கிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியவில்லை. எனவே வலையமைப்பிலிருந்த ஒவ்வொரு கணினியிலும் ‘குரௌதர்’ என்னும் பெயருக்கு அஞ்சல் அனுப்பினார். இன்று இது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். அன்றைய வலையமைப்பின் சிறுமையில் அது பலித்தது. குரௌதர் மூலநிரலை வழங்கினார். 1977இல் உட்ஸ் வெளியிட்ட வடிவத்தில் இடங்கள் 140ஆகவும் சொற்கள் 293ஆகவும் பெருகின. 350 புள்ளிகள் கொண்ட மதிப்பெண் முறையும் அவர் சேர்த்ததே. எங்கும் பரவியது இவ்வடிவம்தான். இரண்டு வடிவங்களில் எதற்கும் விலை வைக்கப்படவில்லை. எவரும் படியெடுக்கலாம், மாற்றலாம். நிரலின் பரவலுக்கும் முதல் வடிவம் மறைந்துபோனதற்கும் இந்த ஒரே நடைமுறைதான் காரணமாயிற்று.

மூலபாடச் சிக்கல்

முதல் வடிவம் இல்லாத நிலையில் இரு கருத்துகள் வேரூன்றின. ஒன்று காலம் பற்றியது. குகை இணைப்புக் கண்டறியப்பட்ட 1972ஆம் ஆண்டே நிரலின் ஆண்டாகவும் சில எழுத்துகளில் இடம்பெற்றது. 1974இல் வெளியான ஒரு விளையாட்டின் தாக்கத்தைக் குரௌதரே ஒப்புக்கொண்டிருக்க, 1972 பொருந்தாது என்பது எளிய அகச்சான்று. இன்று 1975–76 என்பதே ஏற்கப்படுகிறது.

மற்றொன்று ஆக்கியோன் பற்றியது. குரௌதர் எழுதியது குகையின் உண்மைச் சித்திரம் மட்டுமே. மாயமும் புதிரும் உட்ஸின் கொடை என்பது அக்கருத்து. டென்னிஸ் ஜெர்ஸ் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தகர்த்தது. உட்ஸின் மாணவப் பருவக் கணக்கின் காப்புப்படியில் குரௌதரின் கோப்புகள் இருந்தன. அவை 1977 மார்ச் மாத நாளிட்டவை. கோடரி எறியும் குள்ளர், வழிமறிக்கும் பாம்பு, அதனை விரட்டும் பறவை, இடம்பெயர்க்கும் மந்திரச்சொல் ஆகிய யாவும் அவற்றிலேயே உள்ளன. மதிப்பெண் முறையும் பாலம் காக்கும் பூதமும் எரிமலைக் காட்சியும் இல்லை. பிற்சேர்க்கை எது, மூலம் எது என்று வரையறுக்க ஒரே ஒரு படி போதுமானதாயிற்று. ஏடுகளின் இடைச்செருகல்களை ஆராய்வோர்க்கு இவ்வாய்ப்பின் அருமை தெரியும்.

ஆயினும் ஜெர்ஸின் முடிவை இன்னும் ஓரடி நீட்ட வேண்டியுள்ளது. அளவுகளைக் குறித்தும் தட்டச்சு செய்தும் உழைத்த பாட்ரிசியாவின் பெயர் நிரலின் ஆக்கியோர் வரிசையில் வருவதில்லை. இடவிவரிப்புகளுக்கு ஆதாரமான வரைபடம் இருவர் உழைப்பில் உருவானது. நிரல் ஒருவர் பெயரில் நின்றது. அவர் நிரல் எழுதவில்லை என்பது மெய்யே. ஆனால் வழி அட்டவணையை நிரலின் மையமாகக் கொள்ளும்போது அதற்கு முந்தைய அளவேட்டை விலக்கிவைக்க இயலாது.

1979இல் தொடங்கப்பட்ட இன்ஃபோகாம் நிறுவனம் இவ்வகைமையை வணிகமாக்கியது. அதன் செல்வாக்கு 1980களின் இறுதியில் மங்கியபோது, விளையாட்டுகளை எழுதுவோர் மீண்டும் பொழுதுபோக்காளரே ஆயினர். 1993இல் ‘இன்ஃபார்ம்’ என்னும் நிரல்மொழியை உருவாக்கி இலவசமாக வழங்கிய கிரஹாம் நெல்சன் கணிதத் துறையினர். அவரும் தம் மொழியோடு ஒரு விளையாட்டை எழுதி உடன் வெளியிட்டார்.