செக்ரோலிலிருந்து செய்நிரல் வரை: ஊவாத் தோட்டப்புறமும் கணினிக் கல்வியும்

மலையகத் தமிழரின் வரலாறு குடிபெயர்வின் வரலாறாகவும், உழைப்பின் வரலாறாகவும், குடியுரிமையின் வரலாறாகவும் எழுதப்பட்டுள்ளது. அதனைக் கணக்கின் வரலாறாகவும் எழுதலாம். தோட்டத் தொழிலாளியின் வாழ்வை நாள்தோறும் நிர்ணயித்தவை எண்களே. பிரட்டுக்கு வந்தோர் எத்தனை பேர், பறித்த கொழுந்து எத்தனை றாத்தல், தீராத கடன் எத்தனை ரூபா என்பனவே அவ்வெண்கள். அவற்றை எழுதியவர் ஒருவர். அவற்றால் வாழ்ந்தவர் வேறொருவர். பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டுக் கணினிப் பாடம் ஊவா மாகாணத்துக்கு ஏன் முக்கியமாகின்றது என்பதை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

தோட்டத்துக் கணக்கு

ஊவா 1886ஆம் ஆண்டு தனி மாகாணமாயிற்று. 1869 முதல் பரவிய இலைநோயினால் கோப்பிப் பயிர்ச்செய்கை அழிய, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் அடைந்தது. அப்புத்தளை, தெமோதரை, பசறை, நமுனுகுலை, மடுல்சீமை, லுணுகலை என மலைச்சரிவெங்கும் தோட்டங்கள் பரந்தன.

ஒவ்வொரு தோட்டத்திலும் செக்ரோல் எனும் வரவேடு இருந்தது. தொழிலாளியின் பெயர் ஒரு வரிசையிலும், மாதத்தின் நாட்கள் அதற்கு நேரே கட்டங்களிலும் குறிக்கப்பட்டன. ஒரு நாள் வேலை 'ஒரு பேர்' எனப்பட்டது. விதித்த அளவு நிறைவேறாவிடின் அது 'அரைப்பேர்' ஆயிற்று. மனிதரின் பேரே அவர்தம் நாட்கூலியின் அலகாக மாறியமை எண்ணிப் பார்க்கத்தக்கது. வேலைக்கு இறங்கிய ஒவ்வொருவருக்காகவும் கங்காணிக்குத் 'தலைக்காசு' கிடைத்தது. தொழிலாளி வேறு தோட்டம் செல்ல விரும்பின், அவர் பட்ட கடனைக் குறித்த 'துண்டு' தேவைப்பட்டது. அக்கடனைத் தீர்க்க முன்வரும் தோட்டமே அவரைப் பெறலாம். துண்டுமுறை 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. 1927இல் குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தது. எனினும் ஏடு தோட்டக் காரியாலயத்திலேயே இருந்தது.

அவ்வேட்டைப் படித்துச் சரிபார்க்கும் ஆற்றலைக் கல்வியே தந்திருத்தல் வேண்டும். ஆயினும் 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்கு விதித்த கல்வி மிக அடிப்படையானது. நடைமுறையில் அதுவும் பல தோட்டங்களில் பெயரளவிலேயே இருந்தது. 1945இல் நாடெங்கும் வந்த இலவசக் கல்வியின் முழுப்பயன் தோட்டப் பாடசாலைகளைச் சேரவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தோட்டங்கள் 1972, 1975 ஆகிய ஆண்டுகளில் அரசுடைமையாயின. 1977 முதலே தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் பொறுப்பில் வரலாயின. எஞ்சியிருந்த நாடற்றோர் குடியுரிமை பெறுவதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

தேநீர்க் கம்பனியின் கணினி

வர்த்தகக் காரியாலய வேலைக்குக் கணினியை முதன்முதலில் பயன்படுத்திய நிறுவனம் ஒரு தேநீர்க் கம்பனி என்பதை இங்கு நினைவுகூர்தல் பொருத்தமாகும். இங்கிலாந்தில் தேநீர்ச்சாலைகளை நடத்திய லயன்ஸ் கம்பனி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினியைப் பின்பற்றி 'லியோ' எனும் கணினியைத் தானே அமைத்தது. 1951ஆம் ஆண்டு பேக்கரிப் பண்டங்களின் பெறுமதியைக் கணிக்கும் பணியில் அது ஈடுபடுத்தப்பட்டது. பின்னர் ஊழியர் சம்பளம், தேநீர்ச்சாலைகளின் தேவைப்பட்டியல், தேயிலைக் கலவை என்பனவும் அதன் பொறுப்பாயின. அனுபவமிக்க எழுதுவினைஞர் ஒருவர் எட்டு நிமிடங்களிற் கணித்த சம்பளத்தை லியோ ஒன்றரை விநாடியிற் கணித்தது.

தேயிலையைப் பருகிய நாட்டில் சம்பளக் கணக்கு இயந்திரத்துக்கு மாறிய அக்காலத்தில், தேயிலையைப் பறித்த நாட்டில் கணக்கப்பிள்ளையின் பென்சிலே ஆட்சி செய்தது. கணிப்பின் வேகம் வளர்ந்தது; கணிப்பை அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் இடையிலான தூரமும் அத்துடன் வளர்ந்தது.

பல்கலைக்கழகப் பாடமாதல்

இலங்கையில் கணினிக் கல்வியை நிலைநிறுத்தியோருள் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க முதன்மையானவர். 1985இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல், கணினி விஞ்ஞானத் துறை உருவாயிற்று. அதே ஆண்டில் மொறட்டுவையிலும் கணினித் துறை தோன்றியது. 1987இல் கொழும்பில் கணினித் தொழினுட்ப நிறுவகமும், 2002இல் கணினிக் கல்லூரியும் அமைந்தன. இவையனைத்தும் கொழும்பையும் அதன் சூழலையும் சார்ந்தவை. மலைநாட்டின் கிழக்குச் சரிவிலிருந்த மாணவருக்கு அவை எட்டாத் தொலைவில் இருந்தன.

இந்நிலையில் 2005ஆம் ஆண்டு பதுளை, பசறை வீதியில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டமை முக்கிய நிகழ்வாகும். நாட்டின் இயற்கை வளங்களுக்குப் பெறுமதி சேர்ப்பதனை நோக்கமாகக் கொண்ட இப்பல்கலைக்கழகம், தேயிலைத் தொழினுட்பத்தையும் கணினி விஞ்ஞானத்தையும் பட்டநெறிகளாக வகுத்தது. செக்ரோல் பிறந்த மண்ணிலேயே செய்நிரல் கற்பிக்கப்படலாயிற்று.

ஆனால் வாயில் திறந்திருப்பது வேறு, வழி திறந்திருப்பது வேறு. பல்கலைக்கழக அனுமதியில் பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களும் கல்வியிற் பின்தங்கியவையாகக் கொள்ளப்பட்டு விசேட ஒதுக்கீடு பெறுகின்றன. இவ்வொதுக்கீடு மாவட்டத்துக்கு உரியது, தோட்டத்துக்கு உரியதன்று. லயத்திலிருந்து வரும் மாணவி, பதுளை நகரத்து மாணவியோடு அதே இடத்துக்குப் போட்டியிடுகின்றாள். உயர்தரத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவுகளைக் கொண்ட தமிழ்ப் பாடசாலைகள் ஊவாவில் மிகச் சிலவே.

மொழி மற்றொரு தடையாகும். பாடசாலையில் மாறி, தெரிவு, மீள்செயல், செய்நிரல் எனத் தமிழிற் கற்றவர், பல்கலைக்கழகத்தில் அனைத்தையும் ஆங்கிலத்திற் கற்க நேர்கின்றது. தமிழ் எழுத்துக்கள் 1991இல் யுனிகோட் குறிமுறையில் இடம்பெற்றன. இலங்கையின் தமிழ் நியமமும் 2008இல் வெளிவந்தது. எழுத்து கணினியில் ஏறிவிட்டது. பட்டப்படிப்பு தமிழில் ஏறவில்லை. தமிழில் விளங்கிக்கொண்ட மாணவர் தோல்வியுறுவது பெரும்பாலும் கருத்தில் அன்று, சொல்லிலேயாம்.

முதலாம் ஆண்டுப் பாடமும் மாதச் சம்பளமும்

கணினிப் பாடத்தின் தொடக்கம் எங்கும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு செயலைப் படிகளாகப் பிரித்தல், பாய்ச்சற் கோட்டுப்படம் வரைதல், நிபந்தனை அமைத்தல், திரும்பத் திரும்பச் செய்வித்தல் என்பனவே அது. இதற்கு உதாரணம் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை.

2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. வழங்கப்பட்ட வேலைநாட்களில் 75 சதவீதமோ அதற்கு மேலோ வந்தவருக்கு நாளொன்றுக்கு 60 ரூபா வருகைக் கொடுப்பனவும் உண்டு. தோட்டம் 24 நாட்கள் வேலை வழங்கியதெனக் கொள்க. எல்லை 18 நாட்கள். பிற கொடுப்பனவுகளை விடுத்துக் கணிப்பின், 17 நாட்கள் உழைத்தவர் பெறுவது 8,500 ரூபா. 18 நாட்கள் உழைத்தவர் பெறுவது 10,080 ரூபா.

இதனைச் செய்நிரலாக்கும் மாணவர் '18 அல்லது அதற்கு மேல்' என எழுத வேண்டிய இடத்தில் '18இற்கு மேல்' என எழுதிவிடின், கணினி எவ்விதப் பிழையும் அறிவிக்காது. 18 நாட்கள் உழைத்த தாயொருத்தியின் 1,080 ரூபா மட்டும் அமைதியாக மறைந்துவிடும். பயிற்சித்தாளில் இதற்கு ஒரு புள்ளி குறையலாம்; லயத்தில் அது ஒரு மாதத்துப் பிள்ளைச் செலவு. 2019ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இவ்வருகைக் கொடுப்பனவு நீக்கப்பட்டது. விதி மாறும்போது செய்நிரலும் மாறவேண்டும் என்பது இதன் அடுத்த பாடமாகும்.

ஆகவே கணினிக் கல்வியைத் தோட்டத்திலிருந்து வெளியேறும் வழியாக மட்டும் கருதுதல் குறையுடைய நோக்காகும். தொழில் பெற்றுக் கொழும்பு செல்வது அதன் ஒரு பயன். கணக்கை எழுதியவருக்கும் கணக்கால் வாழ்ந்தவருக்கும் இடையே நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்த இடைவெளியை மூடுவது அதனினும் பெரிய பயன். பென்சிலால் எழுதிய ஏட்டைக் கண்ணாலாவது காண முடிந்தது. இயந்திரத்தினுள் இயங்கும் கணக்கை அதன் விதியை அறிந்தவரே காண்பர். செக்ரோலில் பேராக எழுதப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் அவ்விதியைப் படிக்கவும், பிழை காணின் திருத்தவும் வல்லவராகும் நாளிலேயே பசறை வீதிப் பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டுப் பாடம் தன் முழுப்பொருளைப் பெறும்.